பதின்ம வயதும் நெடுந்தொலைவுப் பந்தயமும்: சில எண்ணங்கள்

பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள் நெடுந்தொலைவு டிரையத்லான் போட்டிகளில் இறங்கலாமா என்பது அண்மைக்காலமாக நண்பர்கள் நடுவே அடிக்கடி எழும் வினா. நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் விளையாட்டு இது. அதன் உச்ச வடிவம் ‘அயர்ன்மேன்’ எனப்படுவது: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 1978ஆம் ஆண்டு ஹவாயில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்ததாகத் தொடங்கிய இப்போட்டி இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. இதன் பாதித் தொலைவுப் போட்டி 2019இல் கோவாவுக்கு வந்தது. அன்றுமுதல் நம் ஊர்ப்பக்கத்து இளைஞர் காதுகளிலும் இச்சொல் விழத் தொடங்கிவிட்டது.

போட்டி நடத்துவோரின் விதி தெளிவானது. முழுத் தொலைவுக்கும் பாதித் தொலைவுக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும். விதி இருக்க விவாதம் எதற்கு என்று கேட்கலாம். விதி என்பது வாயிற்காவலன் மட்டுமே. அவனை ஏமாற்றி உள்ளே போக நினைப்பவரும், அவன் இல்லாத வேறு வாயிலைத் தேடுபவரும் உண்டு. கடலும் நெடுஞ்சாலையும் யாரிடமும் பிறப்புச் சான்று கேட்பதில்லை. ஆகவே விதியின் பின்னுள்ள நியாயத்தைப் பேசித்தான் ஆகவேண்டும்.

நம் நிலைப்பாட்டை முன்னரே சொல்லிவிடுவது வாசகர்க்கு நாம் செய்யும் மரியாதை. பிள்ளைகள் நீந்தட்டும், ஓடட்டும், மிதிக்கட்டும். இன்று செய்வதைவிடப் பன்மடங்கு செய்யட்டும். ஆனால் நெடுந்தொலைவுப் பந்தயம் பதினெட்டுக்குப் பின்னரே என்பது நம் துணிபு. இதற்குக் காரணம் பிள்ளைகளின் உடலைவிட, அவர்களைச் சூழ்ந்து நிற்கும் பெரியவர்களின் மனமே என்பதும் நம் துணிபு.

*

தமிழருக்கு இது புதிய வினா அன்று. டிரையத்லான் என்ற சொல் நம்மிடம் வருமுன்பே பாக்கு நீரிணை நமக்கு இந்த வினாவை எழுப்பிவிட்டது.

1954இல் வடமராட்சியைச் சேர்ந்த நவரத்தினசாமி ஈழக் கரையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்தார். 1966 ஏப்ரலில் கொல்கத்தாவின் வழக்கறிஞர் மிகிர் சென் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலைக் கடந்தார். அதே ஆண்டில் மேலும் நான்கு நீர்வழிகளை நீந்தி, ஓராண்டில் ஐந்து என்னும் பெயரைப் பெற்றார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் இக்கரைக்கு வந்து, மீண்டும் அக்கரைக்கே நீந்திச் சென்றார். அவர் 1984 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். ஈழமும் தமிழகமும் அவருக்காக அழுதன. ஆயினும் அவரை ஏன் போகவிட்டீர்கள் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. நாற்பதைக் கடந்த ஒருவர் தம் உயிரின் விலையை அறிந்து எடுத்த முடிவு அது.

இதன்பின் வருவது வேறொரு கதை. 1994ஆம் ஆண்டு குற்றாலீஸ்வரன் என்னும் தமிழ்ச் சிறுவன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தான். வயது 12. அதே ஆண்டில் இங்கிலீஷ் கால்வாய் உட்பட மொத்தம் ஆறு நீரிணைகள். மிகிர் சென்னின் ஐந்து என்னும் கணக்கு முறிந்தது. தமிழகமே அச்சிறுவனைக் கொண்டாடியது. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் அவன் பெயர் சொல்லாத மாணவன் இல்லை என்னுமளவுக்கு அப்பெயர் பரவிற்று. அடுத்து அர்ச்சுனா விருதும் வந்தது.

பிறகு? அயல்நாட்டுக் கடல்களில் நீந்துவதற்குப் பெரும்பணம் வேண்டும். படகு, வழிகாட்டி, பயணம், தங்கல் என ஒவ்வொன்றும் செலவு. மாலை போட்ட கைகள் அந்தச் செலவுக்கு நீளவில்லை. கல்வி ஒருபுறம் இழுத்தது. குற்றாலீஸ்வரன் போட்டி நீச்சலிலிருந்து விலகிப் பொறியியல் பயின்று கணினித் துறைக்குச் சென்றார். அவர் நல்வாழ்வு வாழ்கின்றார் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் பன்னிரண்டு வயதில் உலகின் உச்சியில் நின்ற ஒருவர், உடல் முழுவலிமை பெறும் இருபதுகளில் அத்துறையிலேயே இல்லாமற்போனார் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். வலிமை குன்றியதால் நேர்ந்த விலகல் அன்று இது. சிறுவன் என்பதற்காகக் கைதட்டிய கூட்டம், அவர் இளைஞரானதும் வேறு சிறுவரைத் தேடிப் போய்விட்டது.

அந்தக் கூட்டம் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றது. 2019இல் தேனியைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவன் அதே கடலைக் கடந்தான். 2022இல் மும்பையின் 13 வயதுச் சிறுமி ஜியா ராய், ஆட்டிசம் என்னும் மனவளர்ச்சி வேறுபாட்டுடன் பிறந்தவள், தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு நீந்தி வந்தாள். அச்சிறுமிக்கு நீர் ஒரு மருந்தாகவும் மொழியாகவும் இருந்தது என்பதை அறியும்போது நெஞ்சு நெகிழ்கின்றது. அந்த நெகிழ்ச்சியை நாம் மறுக்கவில்லை. இவ்விரு பிள்ளைகளின் பெற்றோரையும் குறை சொல்வது நம் நோக்கமுமன்று. ஆனால் 12 என்பது 10 ஆகும்போது, அடுத்து 9, 8 என்று இறங்கும் ஏணியை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி எழாமல் இராது.

*

அந்த ஏணியின் அடிப்படி எது என்பதை ஒரிசா நமக்குக் காட்டியது. 2006 மே மாதம் புதியா சிங் என்னும் நான்கு வயதுக் குழந்தை, பூரியிலிருந்து புவனேசுவரம் வரை 65 கிலோமீட்டரை ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் ஓடினான். திட்டமிட்டது 70. இறுதியில் குழந்தை தளர்ந்தபோது ஓட்டம் நிறுத்தப்பட்டது. மே மாத வெயில், தார்ச்சாலை, பக்கத்தில் ஊர்திகள், கேமராக்கள். வறுமையில் பிறந்த அந்தக் குழந்தைக்கு உணவும் இடமும் தந்தவர் அந்தப் பயிற்சியாளரே என்பதும் உண்மை. மாநில அரசின் குழந்தைகள் நலத்துறை தலையிட்டு நெடுந்தொலைவு ஓட்டத்துக்குத் தடை விதித்தது என்பதும் உண்மை. பயிற்சியாளர் மீது வழக்கு வந்தது. அவர் குற்றத்தை மறுத்தார். 2008இல் தொடர்பில்லாத வேறொரு பகையில் கொல்லப்பட்டார். சிறுவன் அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்தான். அவன் கதை 2016இல் இந்தித் திரைப்படமாகவும் வந்தது. ஆனால் ஒலிம்பிக் மாரத்தானில் இந்தியாவுக்காக ஓடுவான் என்று அன்று சொல்லப்பட்ட ஆரூடம் பலிக்கவில்லை.

தடை விதித்தவர்கள் அவன் எதிர்காலத்தைக் கெடுத்தார்கள் என்பார் உண்டு. ஓட வைத்தவர்கள் கெடுத்தார்கள் என்பாரும் உண்டு. இரு சாராரும் ஒரு சிறு தகவலைக் கவனிப்பதில்லை. ஒலிம்பிக் மாரத்தானில் ஓடுவதற்கே 20 வயது ஆகவேண்டும். அதாவது அக்குழந்தைக்கு இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன. பதினாறு ஆண்டுப் பயணத்தை ஏழு மணி நேரத்தில் முடிக்கச் சொன்ன அவசரம் யாருடையது?

நெடுந்தொலைவு வலிமை தாமதமாகக் கனியும் கனி. அயர்ன்மேன் உலகப் போட்டியில் மார்க் ஆலன் தம் ஆறாவது வெற்றியை 1995இல் பெற்றபோது அவருக்கு வயது 37. கிரெய்க் அலெக்சாண்டர் 2011இல் வென்றபோது 38. 2024இல் வென்ற பாட்ரிக் லாங்கவுக்கும் 38. ஜிம்னாஸ்டிக்ஸ் போலப் பதினாறில் தவறினால் வாழ்நாள் முழுதும் தவறியது என்னும் கட்டாயம் இவ்விளையாட்டில் இல்லவே இல்லை. முப்பதின் பிற்பகுதியில் உச்சம் காணும் கலைக்குப் பதினைந்திலேயே பரீட்சை வைப்பது, நாற்று வேர்விடும் முன் கதிர் எங்கே என்று வயலில் இறங்கிப் பார்ப்பது போன்றது.

*

உடலைப் பற்றி மருத்துவ நூலோர் சொல்வதை அறிந்த அளவில் சுருக்கிச் சொல்கிறோம்.

வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைகளில், எலும்பாக இன்னும் இறுகாத மென்மையான வளர்ச்சிப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பதின்ம வயதின் முடிவில்தான் அது இறுகி மூடும். அதுவரை உடலின் பிற பகுதிகளைவிட அது நலிவானது. ஒருமுறை விழுந்து அடிபடுவதைவிட, ஒரே அசைவை ஆயிரமாயிரம் முறை செய்வதால் வரும் தேய்மானம் அதற்குத் தீங்கு. நெடுந்தொலைவுப் பயிற்சி என்பதே ஒரே அசைவை ஆயிரமாயிரம் முறை செய்வதுதான். திடீரென உயரும் வயதில் எலும்பு முந்தி வளர, தசையும் தசைநாரும் பின்தங்கி இழுபடுவதால் முழங்காலின் கீழ் வீக்கமும் வலியும் வருவதை விளையாடும் பிள்ளைகளைப் பெற்றோர் பலரும் அறிவர்.

இரண்டாவது, உணவு. ஒருவர் வாழ்நாளில் சேர்க்கும் எலும்பு வலிமையின் பெரும்பங்கு பதின்ம வயதில் சேர்வது. அப்போது உண்பது குறைந்து உழைப்பது மிகுந்தால், உடல் வளர்ச்சிக்கான செலவைக் குறைத்துப் பந்தயத்துக்குக் கொடுத்துவிடும். பெண்பிள்ளைகளிடம் மாதவிலக்கு நின்றுபோவது இதன் முதல் அடையாளம். ஒலிம்பிக் குழுவின் மருத்துவ அறிஞர்கள் 2014இல் இதற்கென ஒரு பெயரையே வகுத்து, ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என எச்சரித்தனர். நம் ஊர்களில் சோகையோடு பள்ளிக்கு வரும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை வகுப்பறையில் நிற்பவர் அறிவர். காலையில் உண்ணாமல் வந்து வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளையைப் பார்த்தறியாத ஆசிரியர் நம்மில் உண்டா? அந்தப் பிள்ளையை நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு ஆயத்தம் செய்வதற்கு முன் செய்யவேண்டியவை வேறு பல.

மூன்றாவது, தண்ணீர். வெயிலில் நீரிழப்பு ஆபத்து என்பது யாவரும் அறிந்தது. மணிக்கணக்கில் ஓடும்போது வெறுந்தண்ணீரை அளவுமீறிக் குடித்தால் குருதியில் உப்புச் சத்து தாழ்ந்து உயிருக்கே கேடு வரும் என்பது பலர் அறியாதது. இதை முறையாகக் கற்றுத்தரும் பயிற்சியாளர் மாநகரங்களில் கிடைக்கலாம். நம் சிற்றூர்களில் கிடைப்பது அரிது.

எதிர்த்தரப்பின் சான்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆசிரியர்களே உடன் ஓடி, ஏழைப் பள்ளிப் பிள்ளைகளை மாதக்கணக்கில் பயிற்றி மாரத்தான் ஓடவைக்கும் திட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகின்றது. அதில் தொடங்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஓட்டத்தை முடிக்கின்றனர். மின்னசோட்டா மாநிலத்து மாரத்தான் ஒன்றில் 26 ஆண்டுகளில் ஓடிய சிறுவர்களின் பதிவுகளை ஆராய்ந்த மருத்துவர்கள், பந்தய நாளில் சிறுவர்களுக்குப் பெரியவர்களைவிட மிகுதியாக மருத்துவ உதவி தேவைப்படவில்லை என்றே கண்டனர். ஆகவே, நெடுந்தொலைவு என்றாலே பிள்ளைகள் சுருண்டு விழுவர் என்று பயமுறுத்துவது உண்மைக்கு மாறு. பந்தய நாள் அவ்வளவு ஆபத்தன்று. அதற்கு முந்திய முந்நூறு நாள்களின் பயிற்சியும், பிந்திய முப்பது ஆண்டுகளின் முழங்காலும் பற்றியதே நம் கவலை.

*

திருப்புட்குழியில் இருந்துகொண்டு இதைப் பேசுவோர்க்குச் சடாயுவை நினையாமல் இருக்க இயலாது. பாலுசெட்டிசத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு விலகி உள்ளே வந்தால் விசயராகவப் பெருமாள் கோயில். புள்ளாகிய சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த குழி என்பதால் இவ்வூர்க்கு இப்பெயர் என்பர். கோயில் எதிரே சடாயு தீர்த்தம். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் வறுத்த பயறு முளைக்குமென நம்பி மடியில் கட்டிக்கொள்ளும் ஊரும் இதுவே.

சடாயுவின் முடிவை எல்லாரும் அறிவர். மூப்புற்ற பறவை, தன் வலிமைக்கு மிஞ்சிய போரில், இன்னதென்று தெரிந்தே இறங்கிற்று. அது முதியோன் ஒருவனின் அறிந்த தேர்வு. ஆனால் சடாயுவின் இளமைக் கதையை நாம் அதிகம் பேசுவதில்லை. கம்பர் கிட்கிந்தா காண்டத்தில் சம்பாதிப் படலத்தில் அதைச் சொல்கிறார். அண்ணன் சம்பாதியும் தம்பி சடாயுவும் இளமைச் செருக்கில் வானின் உயரம் காணப் பறந்தனர். கதிரவன் சுட்டான். தம்பி துவண்டான். அண்ணன் தன் சிறகை விரித்துத் தம்பிக்கு நிழல் செய்தான். தம்பி பிழைத்தான், அண்ணனின் சிறகுகள் தீய்ந்து உதிர்ந்தன.

இக்கதையைப் ‘பெரியோர் சொல் கேளாது பறக்காதே’ என்று வகுப்பில் நடத்துவது எளிது. அப்படி நடத்தினால் கதையில் பாதி போய்விடும். தம்பி பறந்தது பிழை என்று கவிஞர் எங்கும் வழக்குரைக்கவில்லை. அண்ணன் தரையில் நின்று கைதட்டவில்லை; கூடவே பறந்தான். தம்பி துவண்டபோது, ‘இன்னும் சற்றுத் தொலைவுதான், விடாதே’ என்று ஊக்கக் குரல் கொடுக்கவும் இல்லை. குறுக்கே சிறகை விரித்தான். அந்தப் பறத்தல் அங்கே முடிந்தது. அதனால் எரிந்தது பெரியவனின் சிறகு. இன்றைய பந்தயங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இதன் தலைகீழ். இளையவன் சிறகு எரிகின்றது. நிழலில் நின்று படம் எடுத்துக்கொள்பவர் பெரியவர்.

இவ்வூரோடு பிணைந்த இன்னொரு கதையும் உண்டு. இளம் இராமானுசர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்பது மரபு. மாணவனின் அறிவு தம்மை மிஞ்சியதைப் பொறாத ஆசிரியர், காசிப் பயணத்தில் அவனைக் கங்கையில் தள்ளிவிடத் திட்டமிட்டார் என்றும், உடன் பயின்ற தம்பிமுறையான கோவிந்தன் எச்சரித்துக் காப்பாற்றினான் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். வரலாறோ புனைவோ, அதில் ஓர் உண்மை இருக்கின்றது. மாணவனின் திறமை ஆசிரியரின் பெருமைக்கு உணவாகும்போது மாணவனுக்கு ஆபத்து. அந்த ஆபத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் உடன்பயிலும் தோழரே. விளையாட்டுப் பயிற்சியிலும் தோழர்களின் சொல்லுக்குக் காது கொடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நமக்கு வேண்டியதில்லை.

*

இனி எதிர்வாதத்தின் வலிமையான பகுதிக்கு வருவோம். நம்மிடம் இளங்கலை முதலாண்டு பயிலும் மாணவன் ஒருவன், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, பாதித் தொலைவுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க விரும்பினான். ஏரியில் நீந்தி வளர்ந்தவன். கல்லூரிக்கும் மிதிவண்டியிலேயே வருபவன். பதினெட்டு ஆக ஆறு மாதம் குறைவு. ‘வயதை மாற்றிப் போட்டுவிடலாமா ஐயா’ என்று கேட்டான். கூடாது என்றோம். அவன் சொன்ன மறுமொழி இது: ‘பன்னிரண்டாம் வகுப்பில் நீட் தேர்வுக்காக ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் உட்காரவைத்தார்கள். முதுகுவலி வந்தது, தூக்கம் போனது. அப்போது யாரும் என் வயதைக் கேட்கவில்லையே ஐயா?’

இவ்வினாவுக்கு நேர்மையான விடை ஒன்றே: அவன் சொல்வது நியாயம். விடியலில் எழுப்பி, பள்ளி முடிந்து தனிப்பயிற்சி, அது முடிந்து மாதிரித் தேர்வு எனப் பிள்ளைகளை நாற்காலியில் கட்டிவைக்கும் சமுதாயம், அவர்கள் ஓட எழுந்தால் மட்டும் எலும்பு முனையைப் பற்றிக் கவலைப்படுவது போலித்தனமே. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வதை இயல்பென ஏற்ற பள்ளிகள் நம்முடையவை. நம் பிள்ளைகளுக்கு இன்று உள்ள பெருங்கேடு மிகையான ஓட்டமன்று; ஓட்டமே இன்மை. இக்கட்டுரையைக் காட்டி எந்தப் பெற்றோரும் தம் பிள்ளையின் மிதிவண்டியைப் பூட்டிவைப்பாராயின் நாம் எழுதியது வீண்.

ஆனால் ஓர் அநீதியைக் காட்டி இன்னொன்றுக்கு உரிமம் கேட்கமுடியாது. பதினான்கு மணி நேர நாற்காலி தவறு என்பதற்கு மருந்து பதினான்கு மணி நேரப் பந்தயம் அன்று. இரண்டிலும் நோய் ஒன்றே: பிள்ளையின் அளவைப் பிள்ளையின் உடலிலிருந்து எடுக்காமல், முடிவுப் பட்டியலிலிருந்து எடுப்பது.

முழுத் தடை, முழு உரிமை என்னும் இரண்டுக்கும் நடுவே வழி உண்டா? நெதர்லாந்து ஒரு வழியைக் கண்டது. 2009இல் லாரா டெக்கர் என்னும் 13 வயதுச் சிறுமி, தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவரத் திட்டமிட்டாள். நீதிமன்றம் தலையிட்டு அவளைக் குழந்தைகள் நல அமைப்பின் மேற்பார்வையில் வைத்தது. சிறுமி பெரிய படகு பெற்றாள். முதலுதவியும் தூக்கமின்மையைத் தாங்கும் முறையும் பயின்றாள். 2010இல் மேற்பார்வை நீங்கியது. 2012 சனவரியில், 16 வயதில், பயணத்தை முடித்தாள். அவ்வழக்கில் அரசு கேட்டது ‘உன்னால் முடியுமா’ என்பதை மட்டுமன்று; ‘எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறாய், உன் படிப்பு என்ன ஆகும், இது உன் விருப்பமா உன் தந்தையின் விருப்பமா’ என்றும் கேட்டது. இக்கேள்விகளைக் கேட்டுப் பதில் பெறும் அமைப்பு ஒன்று இருந்தால் நம் நிலைப்பாடும் சற்று இளகும். நம்மிடம் அத்தகைய அமைப்பு இல்லை. உலக சாதனைப் புத்தகம் என்று ஏதேனும் ஒரு பெயரில் கட்டணம் பெற்றுச் சான்றிதழ் தருவோரும், பின்னணியில் பதாகை கட்டுவோரும்தான் நம்மிடம் மிகுதி.

இதே அவசரத்தின் மறுமுனையையும் உலகம் கண்டிருக்கின்றது. 1996 ஏப்ரலில் ஜெசிகா டப்ராஃப் என்னும் ஏழு வயதுச் சிறுமி, அமெரிக்காவைக் குறுக்காக விமானம் ஓட்டிக் கடக்கும் ‘மிக இளையவர்’ என்ற பெயருக்காகப் புறப்பட்டாள். மழையும் காற்றும் மிகுந்த காலையில் கிளம்பிய விமானம் சில நிமிடங்களில் வீழ்ந்தது. சிறுமியும் தந்தையும் பயிற்சியாளரும் மாண்டனர். அடுத்த ஊரில் ஊடகத்தார் காத்திருந்தனர் என்பதும் அவசரத்துக்கு ஒரு காரணம். அவ்வாண்டே அமெரிக்க நாடாளுமன்றம் இத்தகைய முயற்சிகளைத் தடுக்கச் சட்டம் செய்தது.

*

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, நமக்குச் சரியெனப் படுபவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

ஒன்று: ‘மிக இளையவர்’ என்னும் பட்டத்தை ஒழிக்கவேண்டும். இதுவே தலையாயது. இங்கிலீஷ் கால்வாயை 1988இல் தாமஸ் கிரகரி 11 வயதில் கடந்தான். பின்னர் அக்கால்வாயில் நீந்துவோர்க்குக் குறைந்த வயது 16 என்று விதிக்கப்பட்டது. கிரகரியின் பெயர் என்றும் இருக்கும். அதை முறியடிக்க இன்னொரு குழந்தையை யாரும் குளிர்நீரில் இறக்க முடியாது. பாக்கு நீரிணைக்கும் அதுபோல் ஒரு கோடு கிழிக்கலாம். பட்டம் போனபின்னும் பிள்ளையைக் கடலுக்கு அழைத்துவரும் பெற்றோர், நீச்சலுக்காகவே வருபவராக இருப்பர்.

இரண்டு: படிப்படியான தொலைவு. ஒலிம்பிக்கில் 2000ஆம் ஆண்டு முதல் உள்ள டிரையத்லான் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம் கொண்டது. 2010இல் சிங்கப்பூரில் தொடங்கிய இளையோர் ஒலிம்பிக்கில் இதன் பாதி: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். உலகின் தலைசிறந்த பதின்ம வயதினர்க்கே இதுதான் அளவு என்றால், நம் பிள்ளைகளுக்கும் இது போதும். ஏரியும் சாலையும் உள்ள எந்த ஊரிலும் இதை நடத்தலாம்.

மூன்று: பயிற்சியின் அளவு. வாரத்தில் பயிற்சி செய்யும் மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. பதினைந்து வயதுக்கு வாரம் பதினைந்து மணிக்கு மேல் கூடாது. வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு. ஆண்டில் இரண்டு மூன்று மாதம் வேறு விளையாட்டு. நீண்ட விடுமுறையில் கபடியும் கிட்டிப்புள்ளும் ஆடிய தலைமுறை இதை விதியாக அறியாமலே கடைப்பிடித்தது.

நான்கு: இதயச் சோதனை. இத்தாலி 1982 முதல் போட்டி விளையாட்டில் இறங்குவோர்க்கு இ.சி.ஜி. உள்ளிட்ட மருத்துவச் சோதனையைக் கட்டாயமாக்கியது. மைதானத்தில் திடீரென நிகழும் சாவுகள் அங்கே குறைந்தன. பிறவியிலேயே உள்ள இதயத் தசைக் குறை வெளியே தெரிவதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் எளிதில் செய்யக்கூடிய சோதனைதான் இது.

ஐந்து: நிறுத்தும் உரிமை. ‘போதும்’ என்று பிள்ளை சொன்னால் அத்தோடு முடிந்தது. பெற்றோரோ பயிற்சியாளரோ மறுபேச்சுப் பேசலாகாது. படகிலோ சாலையோரத்திலோ, அவ்விருவருக்கும் கட்டுப்படாத மருத்துவர் ஒருவர் நிற்கவேண்டும்.

ஆறு: பின்தொடரும் பொறுப்பு. பன்னிரண்டு வயதில் மேடையேற்றிய அரசும் சங்கங்களும் இருபத்திரண்டு வயதில் அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கவேண்டும். ஒரு நாள் பரிசுத்தொகையைவிடப் பத்தாண்டு உதவித்தொகை சிறிதாக இருந்தாலும் பயன் பெரிது.

*

‘இவற்றையெல்லாம் பார்த்தால் எந்தப் பிள்ளையும் எதையும் சாதிக்காது, குற்றாலீஸ்வரன் போல் ஒருவர் தோன்றியிருக்கவே மாட்டார்’ என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். நாம் அப்படி எண்ணவில்லை. அவர் தோன்றியிருப்பார், ஒருகால் இருபது வயதில் தோன்றியிருப்பார், முப்பத்தைந்து வரை நீந்தியும் இருப்பார். ஒரு வியப்பை இழந்து ஒரு வீரரைப் பெற்றிருப்போம். தமிழ்நாடு வியப்புகளுக்குப் பஞ்சமில்லாத நாடு. நெடுங்காலம் நின்று விளையாடிய வீரர்களைத்தான் நாம் விரல்விட்டு எண்ணவேண்டியுள்ளது.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நாம் சொன்னதும் இதுவே. அவன் அப்பா மாதக்கணக்கில் நெய்தாலும் பந்தய மிதிவண்டியின் விலைக்கு எட்டாது. அதற்கு வட்டிக்கு வாங்க நினைத்தவர் அவர். ‘ஆறு மாதம் காத்திரு, அதுவரை குறுந்தொலைவுப் போட்டி இரண்டில் உன் பழைய வண்டியிலேயே ஓட்டிப் பார். கடன் வேண்டாம். வயதை மாற்றி எழுதினால், வழியில் உனக்கு ஏதேனும் நேரும்போது மருத்துவர் கையில் இருக்கும் தாளே பொய்யாக இருக்கும்’ என்றோம். அவனுக்கு முழு உடன்பாடு இல்லை, முகத்தில் தெரிந்தது. ஆயினும் பெயர் கொடுக்கவில்லை. காலையில் ஏரியில் நீந்துவதை விடவும் இல்லை.

மாற்றுக் கருத்துடையோர், சிறப்பாக விளையாட்டுப் பயிற்சியிலும் குழந்தை மருத்துவத்திலும் அனுபவமுள்ளோர், தம் கருத்தை எழுதவேண்டும் என்று வேண்டுகிறோம். பதினெட்டு என்னும் கோட்டைப் பதினாறுக்கு இறக்கலாம் என்று யாரேனும் சான்றோடு காட்டினால் அதைப் பரிசீலிக்க நாம் ஆயத்தமாகவே இருக்கின்றோம். ஆனால் அந்தச் சான்று, ஓடி முடித்த நாளின் புகைப்படமாக இல்லாமல், ஓடியவர் முப்பது வயதிலும் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதாக இருக்கட்டும்.